அரைக் கிண்ணம் பட்டாணி

மாமனாரின் குறைகளைக் கேட்டுக் கேட்டே லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காது மரத்துவிட்டது. மாமியார் போன பிறகு மாமனார் இவர்களோடு வந்து நான்கு மாதம். மனைவிக்கு டிக்கெட் கவுண்டரில் மாலை முறை வேலை. ஆக, ராத்திரிச் சமையல் மருமகன் தலையில். கிழவர் மூன்று வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை வைத்திருப்பார்.

"தப்பா நினைக்காதீங்க மாப்ளே. உப்பு போட மறந்துட்டீங்களா?"

"போட்டிருக்கேன் மாமா."

"அப்ப உப்புதான் சரியில்ல போல."

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் எடை பார்த்தார்கள். நாற்பத்தேழரை. அடுத்த செவ்வாய் இதற்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்றார் டாக்டர். வேறென்ன கொடுத்துப் பார்க்கலாம் என்று மருமகன் கேட்டார். மாமனாரோ நர்சைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்தவர் அல்லவா!

"இந்த மெஷின்ல முத்திரை எங்கம்மா? கடைசியா யாரு பார்த்தா?"

மருமகன் அவரைக் கிளப்பிக்கொண்டு வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அது பட்டாணிக் காலம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் காய்க்கடையில் ஈரம் காயாத பச்சைக் காய்கள் குவிந்திருந்தன. புதன்கிழமை வேலை விட்டு வரும்போது ஒரு கிலோ வாங்கினார். அடுப்பருகே நின்று ஆராய்ச்சி பண்ணாமல் இருக்கட்டும் என்று மாமனாரை பால்கனியில் உட்கார்த்தி உரிக்கச் சொன்னார். வந்தது அரைக் கிண்ணம். உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டு ஒப்பேற்றினார். மாமனார் மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"பாவம் மாப்ளே, பட்டாணி. வெந்து செத்தே போச்சு."

மறுநாள் மருமகன் காய்க்காரம்மாவிடம் சண்டைக்குப் போனார். "என்னம்மா, வெறும் தோலையா எடை போட்டுக் குடுத்தீங்க?"

"என் காய் மேல பழி போடாதீங்க. வீட்டுல எலி இருக்கான்னு பாருங்க சார்."

ஒன்றரைக் கிலோ வாங்கினார். அன்றும் அரைக் கிண்ணம்தான். வேலை முடிந்து வந்த மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"உங்கப்பா என்னைப் பழிவாங்குறாரு."

"குறை சொல்ற அளவுக்காவது தெம்பு இருக்கே. பேசாம சமைங்க."

வெள்ளிக்கிழமை எண்ணெய் வாங்கக் கிளம்பியவர் பையை மறந்து, பாதிப் படியிலேயே திரும்பினார். பால்கனியில் மாமனார் ஒரு காயைப் பிளந்தார். ஐந்து மணி வாய்க்குள், ஒரு மணி கிண்ணத்துக்குள். அடுத்த காய். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல மென்றார். தாடை மட்டும் அசைந்தது.

மருமகனுக்கு முதலில் வந்தது ஆத்திரம். மூன்று நாளாக அடுப்பில் வெந்துகொண்டிருப்பது நான், இந்த மனிதர் ஆடு மேய்கிற மாதிரி பச்சையாக மேய்கிறார்! வாயைத் திறக்கப் போனவர், அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். இந்த நான்கு மாதத்தில் அந்த மனிதர் எதையாவது இப்படி ருசித்துத் தின்று அவர் பார்த்ததே இல்லை. சத்தம் போடாமல் வெளியே போய், செருமிக்கொண்டே மறுபடி வந்தார்.

"என்ன மாமா, கிண்ணம் காலியா இருக்கு?"

"எல்லாம் சொத்தை மாப்ளே. பாதிக்கு மேல தூக்கிப் போட்டுட்டேன்." கண்ணிமைகூட ஆடவில்லை.

"அப்ப நாளைக்கு ரெண்டு கிலோவா வாங்கிடுறேன்."

"ரெண்டு கிலோவா? என்னை வேலைக்காரனாவே ஆக்கிட்டீங்க. சரி, வாங்குங்க."

செவ்வாய்க்கிழமை எடை நாற்பத்தெட்டேகால். டாக்டர் மருமகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லா சமைச்சுப் போடுறீங்க போலிருக்கே!"

மருமகன் பதில் சொல்வதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"சமையல் சுமார்தான் டாக்டர். ஆனா காய் பார்த்து வாங்கத் தெரிஞ்சவரு எங்க மாப்ளே."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, கோபப்படுவதா என்று வழியெல்லாம் யோசித்தார். யோசித்தபடியே காய்க்கடைக்குப் போனால் பட்டாணிக் குவியல் வற்றியிருந்தது. மீதி இருந்ததும் மஞ்சள் பூத்துக் கிடந்தது.

"வெயில் ஏறிடுச்சு சார். இந்த வாரத்தோட சரி. கத்திரிக்காய் பாருங்க, பளபளன்னு வந்திருக்கு."

கத்திரிக்காயைப் பச்சையாக யார் தின்பார்கள்?

"உரிக்கிற மாதிரி ஏதாவது இருக்காம்மா? உக்காந்து மெனக்கெட்டு உரிக்கணும். பச்சையாவே திங்கலாங்கிற மாதிரி இருக்கணும்."

"ஊரே உரிச்சு வச்சது கேக்குது. நீங்க ஒருத்தர்தான் வேலை வேணும்னு கேக்குறீங்க."

அவள் கடைக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். வேர்க்கடலை, செடியிலிருந்து பிடுங்கிய மண்ணோடு. அவர் ஒன்றை உடைத்து வாயில் போட்டார். பால் மாதிரி இனித்தது. இன்னொன்று.

"இது எத்தனை நாளைக்கு வரும்?"

"ஒரு மாசம் தாராளமா வரும்."

"மூணு கிலோ போடும்மா," என்றார், அப்பாடா என்று. கை மூன்றாவது காய்க்குப் போனது.

"போடுறேன் சார். எடை போடுற வரைக்குமாவது கையை வெளிய வைங்க."