சிவப்பைத் தொடாத திரவம்

எதையும் மோந்து பார்க்காவிட்டால் இந்துமதிக்குத் தூக்கம் வராது. அவிநாசிபாளையத்துப் பெண். வேதியியல் படித்துவிட்டு, சாயப்பட்டறை லேபில் பல வருஷம் கலர் மேட்ச் பண்ணியவள். இப்போது வேலம்பாளையத்தில் அப்புசாமியின் பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஷெட்டில், மஞ்சிட்டி வேரில் இருக்கிற சிவப்பை வேரே இல்லாமல் செய்கிறாள். தொட்டியில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து ஈஸ்ட் அதைச் சுரக்கிறது.

சுரப்பது ஈஸ்ட்டின் பாடு. அந்தக் கலங்கலிலிருந்து சிவப்பைப் பிரிப்பது இவள் பாடு. எத்தில் அசிடேட் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்கினால் சிவப்பு அதில் ஏறிக்கொள்ளும். அசிடேட்டை ஆவியாக்கினால் சாயம் மிஞ்சும். மிஞ்சவும் மிஞ்சியது. ஆனால் குழந்தைத் துணியில் ஏற்றினால் திட்டுத்திட்டாகப் பிடித்தது. இரண்டு முறை செய்து பார்த்தும் அதே கதை. வாங்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இன்னொருக்கா பாருங்க அம்மணி. அதுவும் சரிவரலைன்னா ஷெட்டுல தையல் மிஷினப் போட்டுர்றேனுங்க," என்றார் அப்புசாமி. அவர் கோபப்படாமல் சொன்னதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சிவப்பை இன்னும் நன்றாகக் கரைக்கும் திரவம் எது என்று தேடித் தேடி மண்டை காய்ந்தாள். பியூட்டனால் திரவம், அது இது என்று மாற்றிப் பார்த்தும் திட்டு போகவில்லை. ஒருநாள் சாயக் கரைசல் ஒரு சொட்டு வடிதாளில் சிந்தியது. காய்ந்த பிறகும் அதைச் சுற்றி ஒரு வளையம், முறுக்கு வைத்த காகிதம்போல. மோந்தாள். தேங்காயெண்ணெய்!

தொட்டியில் நுரை பொங்காமலிருக்க, காங்கேயத்தில் இருக்கும் தன் மாமனாரின் எண்ணெய் ஆலையிலிருந்து அப்புசாமி கொண்டுவந்து ஊற்றச் சொன்ன எண்ணெய். கலப்படமில்லாத சுத்தமான சரக்கு என்பதால் அதன்மேல் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. சிவப்போடு சேர்ந்து அதுவும் அசிடேட்டில் ஏறி வந்திருக்கிறது. துணியில் சாயத்தைத் திட்டாக்கியதும் அதுதான்.

அப்படியானால் தேட வேண்டியது சிவப்பைக் கரைக்கும் திரவமல்ல, அதைச் சீண்டாமல் எண்ணெயை மட்டும் எடுக்கிற திரவம். ஹெக்சேன்! புண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயை உறிஞ்ச ஆலைக்காரர்கள் ஊற்றுவது. சாயப்பொடியை அதில் அலசினாள். எண்ணெய் திரவத்தோடு போனது. சிவப்பு இம்மியும் அசையாமல் அடியில் கிடந்தது. ஹெக்சேன் துளியும் தங்காதபடி உலர்த்தி, துணியில் ஏற்றினாள்.

ஒரே சீராகச் சிவந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புசாமி துணியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, எங்க மாமனாரு எண்ணெய் கெட்டதுங்களா?"

"எண்ணெய் நல்லதுதானுங்க. தலைக்கு வெக்கலாம், தொட்டிக்குத்தான் ஆகாதுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எண்ணெய ஊட்டுக்குக் குடுத்துடறேனுங்க. தையல் மிஷினுக்கு வேற எடம் பாக்கறேன்."