அம்மா தம்பிக்குக் கொடுத்தது

தம்பியின் சட்டைப் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். அவன் விழுங்கக் கூடாத மாத்திரைகளின் பெயர்கள் அதில் உள்ளன. அதற்கு அம்மா தன் பழம்புடவையை வெட்டி உறை தைத்துக் கொடுத்தாள். எனக்கு அவள் ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திருப்போரூரில் லாரி கழுவத் தொடங்கி, தொண்ணூறுகளில் சொந்தமாக மூன்று லாரி ஓட்டினேன். யார் தயவும் இல்லை. இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. தம்பியை அம்மா படிக்க வைத்தாள். மீன் குழம்பில் தலைத்துண்டு என்றும் அவன் தட்டில்தான் விழும்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு மலேரியா வந்து, மாத்திரையில் தேறினேன். அடுத்த மாதம் தம்பிக்குக் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரி எதற்கு என்று, என்னிடம் மீந்திருந்த மாத்திரைகளைக் கொடுத்தேன். "என்னயே எழுப்பி உட்ட மாத்திரடா, முழுங்கு." மூன்றாம் நாள் அவன் கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. என் லாரியிலேயே செங்கல்பட்டுக்குத் தூக்கிப் போனேன்.

ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்த டாக்டரம்மா விளக்கினார். ரத்தத்தின் சிவப்பணு உடையாமல் காக்க ஒரு நொதி உண்டாம். ஜி6பிடி என்று லாரி நம்பர் மாதிரி ஒரு பெயர். தம்பிக்கு அது குறைவு; அதனால் அந்த மாத்திரை அவன் ரத்தத்தை உடைத்துவிட்டது. "அந்த நொதிக்கான மரபணு அம்மாகிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. ஆம்பளைப் பிள்ளைக்கு அதுல ஒண்ணுதான் வரும்."

அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாந்தான்டா குடுத்தேன், என் ரத்தந்தான்" என்று தம்பியின் காலைப் பிடித்து அழுதாள். மாத்திரை கொடுத்தவன் நான். அந்தப் பழியைக்கூட அவளே எடுத்துக்கொண்டு அவனோடு சேர்ந்துகொண்டாள். என் ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னேன். அதே பழுது எனக்கும் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது யாருக்கும் தெரியாது. எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். "எனக்கு இன்னாமா குடுத்த நீ?"

உறையைத் தைத்தபடியே சொன்னாள். "நல்லத உனக்குத்தான்டா குடுத்துகீறேன். நீதான் யாரும் ஒண்ணும் குடுக்கலன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீற."

அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. போன வாரம் எங்கள் இருவருக்குமே காய்ச்சல். கோவளத்தில் ஒரு மருந்துக்கடையில் தம்பி அட்டையை எடுத்து நீட்டினான். உறையின் தையல் ஓர் இடத்தில்கூடப் பிரியவில்லை. கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எதுனா சேராதா, பெரியவரே?"

"எல்லாம் சேரும்" என்றேன். என் கை மட்டும் சட்டைப் பைக்குள் போய், வெறுமனே திரும்பி வந்தது.