வெட்டுற கையும் தின்னுற வாயும்

கோழிக்கடை அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகக் கடையைத் தூக்கி நிறுத்தியவள். கூடப் பிறந்த ஒரே தங்கச்சியைப் படிக்க வைத்ததும், கட்டிக்கொடுத்ததும், அவள் பெற்ற பெண்ணை இடுப்பில் சுமந்து வளர்த்ததும் இந்த அக்காதான்.

வேலையில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு கோழி அறுபடுவதை இன்னொன்று பார்க்கக் கூடாது. அதற்காகக் கூண்டுக்கும் வெட்டுக்கட்டைக்கும் நடுவே சாக்குத் திரை கட்டியிருந்தாள். கத்தியைத் தினமும் தீட்டுவாள். ஒரே வெட்டு, அவ்வளவுதான். "உயிரை எடுக்குறோம், அதுல அலட்சியம் என்ன வேண்டிக் கிடக்கு?" என்பாள். வாங்க வருகிறவர்களோ, திரை என்னவோ தங்களுக்காகத் தொங்குகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தொடைக்கறி கூடப் போடுங்க" என்பார்கள்.

தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தங்கச்சி கடைக்கு வந்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"விருந்துக்கு நாற்பது கோழி வேணும்க்கா. சுத்தம் பண்ணி அனுப்பிடு. அப்புறம்... நீ வர வேண்டாம்க்கா. மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் இளகின மனசு. உயிரைக் கொல்றவங்க கல்யாணத்துல நின்னா பாவம்னு நினைக்கிறாங்க."

"கோழியும் வேண்டாம்னாங்களா?"

"அதெப்படிக்கா, கறி இல்லாம விருந்தா?"

அக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அடேயப்பா, என்ன நியாயம்! தின்கிற வாய் சுத்தமாம், வெட்டுகிற கைக்கு மட்டும் பாவமாம்! தான் வளர்த்த பெண்ணின் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்கக்கூட யோக்கியதை இல்லையாம். "கோழி வந்து சேரும்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தும் சேர்ந்தது, உயிரோடு. விருந்தன்று காலையில் கூண்டுகளைக் கல்யாண வீட்டு வாசலில் இறக்கி, மேலே கத்தியை வைத்தாள்.

"தின்னுறவங்க வெட்டிக்குங்க. பாவத்தை நான் மட்டும் எதுக்குச் சுமக்கணும்?"

இளகின மனசுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா, "இதென்ன பெரிய வித்தையா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு கோழியைப் பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தியை இழுத்தார். கழுத்து பாதிதான் அறுந்தது. பிடி நழுவியது. இரத்தம் சொட்டச் சொட்ட அது வாசலெல்லாம் ஓடியது, மற்ற கோழிகளின் கண்ணெதிரே.

அக்கா சும்மா நிற்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. பாய்ந்து பிடித்து, மறைவாகக் கொண்டுபோய், ஒரே வெட்டில் முடித்தாள். ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. அந்த உயிர் பட்ட பாட்டில் தன் வீம்புக்கும் பங்கு உண்டென்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"பாவம்னா இதுதான்யா பாவம்! கண்ணை மூடிக்கிட்டு வெட்டுறது!" என்று கத்தினாள்.

தங்கச்சி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மானம் போகுதுக்கா. உள்ள வா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மிச்சத்தையும் நீயே..."

"யாரைடி கூப்பிடுற? அக்காவையா, கத்தியையா?"

தங்கச்சியின் பார்வை கூண்டுகள் பக்கம் போனது.

அக்கா கூண்டுகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினாள். மாடி ஜன்னலில் கல்யாணப் பெண் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும். செத்த கோழியை மட்டும் மாப்பிள்ளையின் அப்பா காலடியில் வைத்தாள்.

"இதை ஆக்கித் தின்னுங்க. எப்படிச் செத்துச்சுன்னு எல்லாரும் பார்த்தீங்கல்ல?"