அவரும் ட்ரோனின் திசைகாட்டியும்

இன்று பூவார் கடற்கரையில் ட்ரோன் பறக்கவிட என் கணவர் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

படகுத்துறையின் இரும்புக் கம்பிவேலி ஓரம் நின்று, ட்ரோனைக் கையில் ஏந்தியபடி தன்னைத்தானே சுற்றினார். அதன் திசைகாட்டியைச் சரிசெய்கிறாராம்.

“நேத்து வீட்டுக் கொல்லையில வச்சு நல்லா பறந்துது. இன்னைக்கு போன்ல உள்ள ஆப் சரிசெய்யச் சொல்லி கேக்கவும் இல்ல. பின்ன எதுக்கு சுத்துதீய? அதும் திசைகாட்டியக் கொழப்புத இரும்புக்குப் பக்கத்துல?” என்றேன்.

“ஒவ்வொரு தடவையும் செய்யணும். அதாக்கும் முறை.”

மேலே போன ட்ரோன் ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடித்தது. வட்டம் பெரிதாகிக் கடல் பக்கம் நகர்ந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த படகுக்காரர், “மக்கா, வேகமா கீழ எறக்கு!” என்று கத்தினார்.

தண்ணீருக்கு ஒரு முழம் இப்பால், ஒருவழியாக மணலில் இறக்கினார்.

பிறகு இரும்பு எதுவும் இல்லாத மணல்வெளிக்கு நடந்துபோய், மறுபடியும் சுற்றினார். இந்த முறை ட்ரோன் ஆணி அடித்தாற்போல் நின்றது.

“இப்ப மனசிலாச்சா?” என்றேன்.

“அப்ப காத்து கூடுதலாக்கும்,” என்றார்.

அப்போதும் ஒரு தென்னை ஓலைகூட ஆடவில்லை. உங்கள் வீட்டிலும் தப்பையெல்லாம் காற்றுதான் செய்கிறதா?