மைக் பிடித்த ஆம்பளை

சோலைமலையை முதன்முதலாக நேரில் பார்க்கிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். குரலை மட்டும் கேட்டிருந்தால் ஆறடி உயரத்தையும் முறுக்கு மீசையையும் மனதில் வைத்திருப்பார்கள். வந்து நிற்பதோ ஒட்டிய கன்னமும் தொளதொளச் சட்டையுமாக ஒரு மனிதர். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் மல்லிகை ஏலம் கூவுவது அவர் தொழில். தேர்தல் வந்துவிட்டால் ஆட்டோவில் ஏறி மைக் பிடிப்பார். ஆட்டோவும் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கர்களும் என்னுடையவை. பல தேர்தல்களாக அந்தக் குரலுக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டியவன் நான். என் காது மந்தமானதற்கு வேறு காரணம் கிடையாது.

அந்தக் குரலுக்குள் இருந்தது ஒரு பயந்தாங்கொள்ளி. இது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் அவர் பெண்டாட்டி பேச்சாயிக்கும். தெருவில் நாய் படுத்திருந்தால் சோலைமலை வண்டியைவிட்டு இறங்கமாட்டார். போலீஸ்காரர் டீ குடிக்கிற கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். வீட்டில் பல்லி விழுந்தால் பேச்சாயிதான் விளக்குமாற்றோடு ஓடிவர வேண்டும். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் கிளம்பும். "வருகிறது சிங்கம்" என்று வேட்பாளருக்காகக் கத்திக் கத்தி, கடைசியில் ஊர் இவரையே சிங்கம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பட்டத்தை அவர் உயிராக நினைத்தார். அது பறிபோய்விடுமோ என்ற பயம்தான் அவருடைய மற்ற எல்லாப் பயங்களையும்விடப் பெரியது.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் பொன்னுத்துரை நின்றார். நாலைந்து லாரிக்கு முதலாளி. போஸ்டரில் கையைக் கட்டிக்கொண்டு, யாரையோ அடிக்கப்போகிறவர் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார். அவரை எதிர்த்து நின்றவர் சகாயராஜ், ஒரு கிளினிக்கில் கம்பவுண்டர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அந்த வருடம் கோடையில் குழாயடித் தகராறு முற்றி, இரண்டு தெருப் பையன்களும் கம்போடு கிளம்பியபோது, சகாயராஜ் நடுவில் போய் நின்று ரெண்டு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டார். ஒருத்தன் காலில்கூட விழுந்தார். பையன்கள் வெட்கப்பட்டுக் கலைந்து போனார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதைத்தான் பொன்னுத்துரை பிடித்துக்கொண்டார். காலில் விழுந்தவனா உங்களைக் காப்பாத்துவான் என்று கேட்கச் சொன்னார். சோலைமலை கேட்டார். தாய்மார்களே, ராத்திரி உங்கள் கதவை எவனாவது தட்டினால் யார் வருவார்கள், கும்பிடுகிற கையா, ஓங்குகிற கையா என்று சந்து சந்தாகக் கேட்டார். எங்கள் வார்டில் அதுவரை எவனும் எவர் கதவையும் தட்டியதில்லை. இவர் கேட்கக் கேட்க, பொழுது சாய்ந்ததும் ஜனங்கள் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் சோலைமலையும் தன் வீட்டுக் கதவுக்குப் புதிதாக ஒரு கொண்டி அடித்தார். தான் பரப்பிய பயத்தைத் தானே விலைக்கு வாங்கியவரை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது.

பேச்சாயி வளையல்காரி. கண்ணாடி வளையல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். கோயில் திருவிழா என்றால் ஆத்தூர், செம்பட்டி வரைக்கும் போய்க் கடை விரிப்பாள். பெண்கள் சமையலை முடித்துவிட்டு வாசலுக்கு வரும் சாயங்கால நேரம்தான் அவளுக்கு வியாபாரம். இப்போது அவள் கூவினாலும் கதவு திறக்கவில்லை. அப்படி என்னத்தய்யா சொல்லி வைக்கிற ஊருக்கு என்று புருஷனைக் கேட்டிருக்கிறாள். அவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தாராம். அந்த நாட்களில் அவருக்கு உட்கார்ந்தாலும் கால் ஆடும், நின்றாலும் விரல் எதையாவது தட்டும்.

பிரச்சாரம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, கூட்டம் விசிலடித்த வேகத்தில் சோலைமலை வாய்க்கு வந்ததைச் சொன்னார். வீரமில்லாத கைக்கு வளையல்தான் லாயக்கு, சகாயராஜுக்கு வளையல் மாட்டுவோம் என்றார். கைதட்டல் அடங்கவில்லை. பொன்னுத்துரைக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலையில் தாம்பாளத்தில் சேலை, மஞ்சள், குங்குமம், வளையல் எல்லாம் வைத்துக் கொட்டுமேளத்தோடு சகாயராஜ் வீட்டுக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தார்கள். வளையல் உன் வீட்டிலிருந்தே வரட்டும் என்று பொன்னுத்துரை சோலைமலையின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போன மனிதருக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பொன்னுத்துரை வீட்டில் வளைகாப்பு என்று புளுகிவிட்டார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார். வளைகாப்பு என்றால் வளையல்காரி வளையலைக் கொடுத்தனுப்பிவிட்டுச் சும்மா இருப்பாளா? அவள் கையால்தானே போடவேண்டும். பேச்சாயி சிவப்பும் பச்சையுமாக ஒன்றொன்றாய்ச் சுண்டிப் பார்த்து, கீறல் இல்லாததாகப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள். நீ வரவேண்டாம், அவர்கள் வீட்டுப் பெண்களே போட்டுக்கொள்வார்கள் என்று இவர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் அவள் தலைக்குக் குளித்து, முதல் காப்புக்கு வேப்பிலை ஒடித்துக்கொண்டு, கூடையோடு பொன்னுத்துரை வீட்டுக்குப் போனாள். அங்கே வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் இல்லை. அடுப்படியில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் அதற்குள் பொன்னுத்துரையோடு சகாயராஜ் வீட்டு வாசலுக்குப் போய்விட்டோம். கொட்டுக்காரர்கள் அடித்துக் கிளப்பினார்கள். சகாயராஜ் ஈரத்தலையோடு வெளியே வந்து நின்றார். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று அழுதது எனக்குத் தெரிந்தது. சோலைமலை வண்டிக்குள் இருந்தபடி, வாங்கிக்கொள், மாட்டிக்கொள் என்று முழங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சாயி வந்தாள். அவளைப் பார்த்ததும் முழக்கம் பாதியில் நின்றது. கொட்டும் நின்றது.

யாருக்கு வளைகாப்பு என்று அவள் கேட்டாள். எவனோ சகாயராஜைக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். சகாயராஜ் சிரிக்கவில்லை. "எனக்குத்தான்மா கொண்டாந்திருக்காங்க" என்று சொல்லி, நிஜமாகவே கையை நீட்டினார்.

பேச்சாயி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் பொன்னுத்துரைக்கு முன்னால் நீட்டினாள்.

"இதுலயும் அதே வளையல்தான் கெடக்கு. எங்க வீட்டுக்குள்ள நாய் வந்தாலும் நட்டுவாக்காலி வந்தாலும் இந்தக் கைதான் முன்னால போகும். இதப் போட்டவ பயந்தவன்னு எவன் சொன்னான்?"

சொன்னவன் யாரென்று வார்டுக்கே தெரியும். பொன்னுத்துரை வண்டிப்பக்கம் திரும்பி, "ஏலே, ஒம் பொண்டாட்டியா இது? அவ சத்தம் கேக்கக் கூடாது, பேசுலே" என்றார்.

அது ஒன்றும் பெரிய காரியமில்லை. நாலு குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பொம்பளைக் குரல் எம்மாத்திரம்? பைத்தியக்காரி என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் சிரித்துவிட்டுப் போயிருக்கும். சிங்கம் சிங்கமாகவே இருந்திருக்கும். சோலைமலையின் விரல் மைக்கைத் தட்டித்தட்டி டக்டக்கென்று தெரு முழுக்கக் கேட்டது. வேண்டாமய்யா, அவளைச் சொல்லிவிடாதே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"வாக்காளப் பெருமக்களே" என்றார், பழக்கத்தில். "சொன்னவன் நான்தான். அவ சொல்றது நெசம். எங்க வீட்டுல பயந்தவன் நான். பல்லி விழுந்தாக்கூட அவளத்தான் கூப்பிடுவேன். அன்னைக்குக் கம்புக்கு நடுவுல சகாயராஜு போய் நின்னாரு. நானா இருந்தா நின்னுருக்கமாட்டேன். நீங்களும் நின்னுருக்கமாட்டீங்க."

அதே குரல்தான். அதே முழக்கம்தான். பொன்னுத்துரை ஆம்ப்ளிஃபயரை அணைக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கத்தினார். எத்தனையோ வருடமாக நானே போட்டு அணைத்த ஸ்விட்ச், அன்றைக்குப் பார்த்து என் கைக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவரே வந்து மைக்கைப் பிடுங்கி சோலைமலையைக் கீழே தள்ளினார். தள்ளுமுள்ளில் தாம்பாளம் சரிந்து வளையல் பாதி உடைந்தது. பேச்சாயி மண்ணில் உட்கார்ந்து உடையாததைப் பொறுக்கினாள். சகாயராஜும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தேர்தலில் பொன்னுத்துரைதான் ஜெயித்தார். பயந்துபோன ஊர் முறைக்கிற முகத்துக்குத்தான் ஓட்டுப் போடும். அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் சோலைமலையை மைக் பிடிக்கக் கூப்பிடவில்லை.

ஆனால் அன்று காலையில் அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. பேச்சாயி கூடையைத் தூக்கப் போனபோது சோலைமலை முந்திக்கொண்டு அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். வளையல் கூடையோடு ஒரு ஆம்பளை எங்கள் தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று சிரித்தார்கள். சிங்கம் வளையல் விற்கக் கிளம்பிவிட்டது என்று ஒருத்தன் கூவினான். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் நடைக்குக் கூடை ஆடி, உள்ளே வளையல் கலகலத்தது.

"பயமா இருக்கு பேச்சாயி" என்றார்.

"இருக்கட்டும். கூடைய ஆட்டாம வாய்யா" என்றாள் அவள்.