கொக்குவிலில் இருந்து சத்தம் வரவில்லை

எங்கள் குடும்பத்தில் எது பழுதானாலும் அது யாழ்ப்பாணத்தில்தான் பழுதாகும். கனடாவில் இருக்கும் அண்ணையிடம் பழுதுபடுகிற சாமானே கிடையாது. லண்டனில் இருக்கும் அக்காவிடமும் அப்படித்தான். கணினியில் எல்லோரும் கூடும்போது படம் நின்றுவிட்டாலும், பாட்டு இழுபட்டாலும், அண்ணை உடனே சொல்வது ஒன்றுதான்: "கொக்குவில் பக்கம் ஏதோ பிழை போலை." யாழ்ப்பாணத்தில் கொக்குவில் என்பது நானும் அம்மாவும்.

ஞாயிறு மாலைகளில் எங்கள் குடும்ப செபம் இப்படித் திரையில் நடக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்த குடும்பம் என்பதால் பாட்டில்லாமல் செபம் தொடங்காது. அக்கா பியானோ வாசிப்பார், அண்ணை செபம் பண்ணுவார், முடிந்ததும் வீட்டு விசயங்கள் பேசுவோம். பேசுவோம் என்று ஒரு மரியாதைக்கு எழுதுகிறேன். அண்ணை பேசுவார், நாங்கள் ஓம் போடுவோம்.

சென்ற வருடம் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. சில நாள் நொண்டினார், பிறகு பழையபடி முற்றம் கூட்டத் தொடங்கிவிட்டார். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். மத்தியானம் வரை அம்மா வீட்டில் தனிய. அண்ணைக்கு அது போதுமாக இருந்தது. அச்சுவேலிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம், அவருடைய நண்பர் சொன்னாராம். "அம்மாவை அங்கை விடுவம்" என்றார். விடலாமா என்று கேட்கவில்லை.

அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. "நான் இந்த வளவை விட்டு ஓரிடமும் போகமாட்டன். நீ அவனுக்குச் சொல்லு பிள்ளை" என்றார். மூத்த மகனை மறுத்துப் பேசி அம்மாவுக்குப் பழக்கமில்லை. எனவே அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கிழமை நாளில் அழைத்தால் அண்ணை, "வேலையிலை நிக்கிறன், ஞாயிறு கதைப்பம்" என்று வைத்துவிடுவார். ஞாயிறு கதைக்கப் போனால் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கிச் சத்தம் என் சத்தத்தை விழுங்கிவிடும். அதற்காகத்தான் அக்கா லண்டனில் இருந்து ஒரு ஹெட்செட் அனுப்பினார், வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கும் மைக்குடன்.

எங்கள் வீட்டில் உறையில்லாத சாமான் கிடையாது. ரேடியோவுக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, விருந்தினர் வராத நாட்களில் கதிரைகளுக்கும் உறை. வெளிநாட்டுச் சாமானை அம்மா சும்மா விடுவாரா? பழைய போர்வைத் துணியை உள்ளே வைத்து, வெளியே பூப்போட்ட சீத்தைத் துணியால், காதுகளுக்கு இரண்டு உறையும் மைக்குக்கு நுனி வரை ஒரு நீள உறையும் தைத்துப் போட்டுவிட்டார். தூசி படக்கூடாதாம். தேவாலயத்து மைக்குக்கே ஸ்பொஞ்சுத் தொப்பி இருக்கிறதே என்று நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

முதல் ஞாயிறு, "கிணத்துக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் அண்ணை. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. பிறகு தொடங்கியது உத்தரவு. கழற்றிப் பூட்டு. கொம்பியூட்டரை நிப்பாட்டிப் போடு. செட்டிங்ஸுக்கை போ, மைக் எதெண்டு பார். எல்லாம் செய்தேன். ஹெட்செட்டின் மைக்கைத்தான் தெரிவு செய்திருந்தேன், அளவையும் முழுதாகக் கூட்டியிருந்தேன். பேசும்போது துள்ள வேண்டிய பச்சைக்கோடு செத்துக் கிடந்தது. எழுத்தில் தட்டி அனுப்பினேன்; பார்ப்பார் இல்லை. கடைசியில் அண்ணை நாக்கூசாமல் சொன்னார்: "ஒருத்தரும் மறுத்து ஒண்டும் சொல்லேல்லை. அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?"

வாயைக் கட்டிவிட்டுச் சம்மதமா என்று கேட்பது என்ன நியாயம்? நான் திரைக்கு முன்னால் இரண்டு கையையும் ஆட்டினேன். "சரி, பிள்ளை பாய் சொல்லுறாள்" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

அடுத்த நாளே பள்ளிக்கூடம் விட்ட கையோடு ஸ்டேஷன் ரோட்டுக் கணினிக் கடைக்குப் போனேன். புறப்படும்போது அம்மா உறைகளைக் கவனமாகக் கழற்றி எடுத்துக்கொண்டார். "கடையிலை கண்டவன்ரை ஊத்தைக் கையும் படும்" என்றார். கடைக்காரர் ஹெட்செட்டை மாட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். அவருடைய கணினியில் பச்சைக்கோடு துள்ளியது. "இதிலை ஒரு பிழையும் இல்லை ரீச்சர். உங்கடை கொம்பியூட்டர்தான் பிழை" என்றார். கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதிலும் துள்ளியது. "அப்ப உங்கடை வீட்டுக் கரண்ட்தான் பிழை" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். வீட்டுக்கு வந்தேன், அம்மா உறைகளைப் போட்டார், ஞாயிறு வந்தது, சத்தம் வரவில்லை. "நான் சொன்னனானெல்லே, கொக்குவில் லைன் சரியில்லை" என்று அண்ணை வெற்றியோடு சிரித்தார். அம்மாவுக்குக் கொண்டுபோக என்னென்ன உடுப்பு வேண்டும் என்று பேச்சு அதற்குள் போய்விட்டிருந்தது. அக்கா வழக்கம்போல் வாய் திறக்கவில்லை.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம் கோபத்தோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து என் குரலையே பதிந்து பார்த்தேன். கணீரென்று இருந்தது! திடுக்கிட்டு ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தால் அது வெறும் மேனியாக இருந்தது. உறைகள் மூன்றும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா தோய்த்துப் போட்டிருந்தார். போர்வைத் துணியைத் தாண்டி மைக்குக்குப் போன கொஞ்சச் சத்தத்தையும் இரைச்சல் என்று நினைத்துக் கணினி வெட்டித் தள்ளியிருக்கிறது. அம்மாவின் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உங்களுக்காகக் கத்த நான் இவ்வளவு பாடுபட, என் வாய்க்கு உறை தைத்தது நீங்களா என்று பொரிந்து தள்ளினேன். அம்மா கொடியில் இருந்து உறைகளை எடுத்து மடித்தார். பிறகு, "அப்ப இனி அவனுக்குக் கேக்கும்தானே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு தொடக்கத்திலேயே கேட்டேன், "அண்ணை, கேக்குதோ?"

"ஓம் ஓம், மணி மாதிரிக் கேக்குது. பாத்தியே, நான் சொன்னபடி செய்ய எல்லாம் சரி வந்திட்டுது!"

பாட்டு முடிந்தது, செபம் முடிந்தது. "பிள்ளை, எனக்குக் கறித்தூள் திரிச்சிட்டியோ?" என்றார். திரித்துவிட்டேன், உரும்பிராயில் இருக்கும் மச்சாள் கனடா வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஒரு எழுத்தும் தவறாமல் கேட்டது அவருக்கு. "பெருஞ்சீரகம் குறைச்சுத்தானே போட்டனி?" என்று வேறு விசாரித்தார்.

ஓம் என்றுவிட்டு அதே மூச்சில் சொன்னேன்: "அண்ணை, அம்மா அச்சுவேலிக்குப் போகமாட்டாவாம்."

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன பிள்ளை? சத்தம் வெட்டுது."

திரும்பவும் சொன்னேன், இன்னும் உரத்து.

"வெட்டுது, வெட்டுது. உங்கடை லைன் எப்பவும் உப்பிடித்தான். சரி, அடுத்த மாதம் அறை தருகினமாம், நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

பெருஞ்சீரகத்துக்கு வெட்டாத லைன் அம்மாவுக்கு வெட்டுகிறதாம்! ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த அம்மாவின் தலையில் மாட்டி, மைக்கை அவர் வாய்க்கு நேரே வளைத்துவிட்டு, அண்ணையின் பதிலை நானும் கேட்கச் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டார். "தம்பி, நான் அம்மா கதைக்கிறன். எனக்கு அங்கை போக விருப்பமில்லை, ராசா. நான் இஞ்சைதான் இருப்பன்."

அண்ணை திரையின் ஓரத்தைப் பார்த்தார். "அம்மா, உங்கடை சத்தமும் வெட்டுது."

"அப்பிடியே?" என்றார் அம்மா. "அப்ப திரும்பச் சொல்லுறன்." அதே சொற்களை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் மெல்ல, திரும்பச் சொன்னார்.

அப்போது பியானோவுக்குப் பக்கத்தில் இருந்து அக்கா பேசினார். "எனக்கு வடிவாக் கேக்குது. உங்களுக்கும் கேக்குது, அண்ணை."

யாரும் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அண்ணையின் கண் இமைத்தது.

"கேட்டது, அம்மா" என்றார் கடைசியில். "முதலே கேட்டது. அறை வேண்டாமெண்டு நாளைக்குச் சொல்லுறன்."

என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.