ஒத்திகையில் இல்லாத வசனம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்தவளுக்குக் கறையைப் பார்த்தே காயத்தைச் சொல்லத் தெரியும். அறுவை மேசையில் சிந்திய இரத்தம் விரிப்பின் நடுவில் வட்டமாக ஊறியிருக்கும். அடிபட்டு வந்தவளின் இரத்தமோ, தலையணை உறையின் ஒரு பக்கத்தில் மட்டும், மூக்கும் வாயும் பதிந்த அச்சாக இருக்கும். இந்த இரண்டாவது வகைக் கறையை அவள் வீட்டிலும் துவைத்திருக்கிறாள். 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று பழமொழி சொல்லிக்கொண்டே அடித்தவர் அவள் கணவர். பத்து ஆண்டுகள் இடைவிடாமல் அந்த உதவியைச் செய்துவிட்டு, ஒரு மழைக்காலத்தில் ஈரல் கெட்டு இறந்துபோனார்.

அப்போது மகனுக்கு எட்டு வயது, இப்போது இருபத்துநான்கு. அதே தோள், அதே நடை, கோபம் வந்தால் முதலில் வெளுத்துப் பிறகு சிவக்கும் அதே காது. "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று உறவினர்கள் அவன் முதுகைத் தட்டும்போதெல்லாம் அவள் அந்தக் காதைத்தான் பார்ப்பாள். அவன் பூனையாகவே இருந்துவிடட்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

அந்த ஆண்டு நகர அரங்கம் ஒன்று, படமெடுத்துப் பழக்கமில்லாத ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தது. ஆளுக்கொரு பத்து நிமிடக் குறும்படம். கதை எழுதுவதிலிருந்து படத்தொகுப்புவரை வழிகாட்டத் துறை வல்லுநர்கள். உணவு இடைவேளைகளில் சலவைச் சீட்டுகளின் பின்புறம் அவள் எழுதிய கதை அந்த ஆறில் ஒன்றாகத் தேறியது. பெரிய கதையொன்றுமில்லை. சமையலறையில் ஒருத்தி அடி வாங்குகிறாள்; எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறாள். அவ்வளவுதான்.

அவளுக்கு வாய்த்த வல்லுநர்கள் இருவர். ஒருவர் பெண் இயக்குநர். அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பேசும்போது பேனா மூடியைக் கடித்துத் துப்புபவர்.

"நடிக்கறவங்க முகத்துல நிஜம் வரணுமாக்கா? ஒருத்தருக்கு மட்டும் வசனத்தை மாத்திக் குடுங்க. எதிர்ல நிக்கறவர்கிட்ட மூச்சு விடாதீங்க. அதிர்ச்சி தானா வரும்" என்றார் செவ்வாய்க்கிழமை வகுப்பில்.

மற்றவர் சண்டை மாஸ்டர். இரண்டு முழங்காலிலும் அறுவை செய்துகொண்டவர்; மூக்கு மூன்று இடத்தில் உடைந்து, மூன்று திசையில் வளர்ந்தது. அவர் வியாழக்கிழமை வருவார்.

"சண்டைக் காட்சியில யாருக்கும் எதையும் மறைக்கக் கூடாதும்மா. எந்தச் சொல்லுக்கு எந்தக் கை வரும்னு ரெண்டு பேருக்கும் மனப்பாடமா இருக்கணும். இல்லன்னா அது சண்டை இல்ல, அடிதடி."

இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. அவள் இரண்டையும் ஒரே குறிப்பேட்டில், அடுத்தடுத்த பக்கங்களில், அழகான கையெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். ஒன்றுக்கொன்று ஆகாது என்பது உறைக்கவில்லை.

மனைவி வேடத்துக்கு, சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் தோழி முன்வந்தாள். கணவன் வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. வந்த மூவரும் கதையைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுல பாத்தா வெளக்குமாறு பிஞ்சிடும்" என்று நழுவிவிட்டார்கள். மூன்றாவது வேலையையும் இழந்து வீட்டில் கிடந்த மகன், "நான் செய்றேம்மா" என்றான்.

மறுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் மருத்துவமனைக்காரி. வேறுவிதமாகக் கணக்குப் போட்டாள். நோயைக் கொஞ்சமாக உடம்பில் ஏற்றித்தானே நோயைத் தடுக்கிறார்கள்? அப்பனுடைய கையை ஒரு நாள் நடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போடட்டும். பிறகு அது இவனிடம் வராது. வராது என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் படமே எடுத்தாள் என்றாலும் தவறில்லை.

மாஸ்டர் நான்கு நாள் பழக்கினார். கன்னத்துக்கும் கைக்கும் இடையில் ஒரு சாண். கை கடக்கும் அதே நொடியில் இஸ்திரிக்காரி கழுத்தைத் திருப்பிக் கீழே விழ வேண்டும்.

"டேய், சித்தி கன்னம் இஸ்திரிப் பெட்டி மாதிரி. தொட்டா உன் கைதான் வேகும், பாத்துக்கோ" என்றாள் இஸ்திரிக்காரி.

"நீ கரண்டியைத் தூக்கினாலே நான் ஓடிடுவேன் சித்தி, எனக்கு எதுக்கு இந்த வேஷம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

படப்பிடிப்பு நாளில் ஆறு முறை எடுத்தார்கள். ஆறும் பிழையில்லை, ஆறிலும் உயிரில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "கை அடிக்குது, முகம் தூங்குதுக்கா."

அவள் இஸ்திரிக்காரியைத் தனியே அழைத்துக் காதில் ஏதோ சொன்னாள்.

"இது ரொம்ப அதிகம்க்கா. பாவம் புள்ள."

"நடிப்புதானே, சொல்லு."

ஏழாவது முறை. 'சோறு ஆறிடுச்சு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் இஸ்திரிக்காரி நிமிர்ந்து, "எந்த வேலையிலடா நீ நிலைச்சே? ஆம்பளையா நீ?" என்றாள். அந்த வாரத் திங்கட்கிழமை காலையில், வீட்டில், தாய் மகனைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி, சொல்கூட மாறவில்லை.

மகனின் காது வெளுத்தது.

படத்துச் சண்டையில் அடிக்கு ஓசை கிடையாது. ஓசையைப் பிறகுதான் சேர்ப்பார்கள். இங்கே ஓசை கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல ஒன்று. விறகு முறிந்ததுபோல இன்னொன்று. இஸ்திரிக்காரி சுவரில் மோதி விழுந்தாள். விழுந்தவளின் கூந்தலைப் பற்றித் தூக்கி, தாடையில் மூன்றாவது குத்து. ஒளிப்பதிவாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை அசைக்காமல் நின்றார். பெண் இயக்குநர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். 'கட்' சொல்லும் உரிமை படத்துக்கு உரியவளான தாய்க்குத்தான் உண்டு. அவள் வாயும் திறந்தது. ஆனால் திரையில் அந்த முகம் வந்துவிட்டிருந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் புதைத்த முகம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம் அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா... நிறுத்தச் சொல்லேன்..." இஸ்திரிக்காரியின் வாய் குழறியது.

ஓசை கேட்டதுமே எழுந்துவிட்ட மாஸ்டர், அறுத்துத் தைத்த கால்களோடு வாசலிலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள், வயிற்றில் ஓர் உதையும் விழுந்துவிட்டது. அவர் மகனின் மணிக்கட்டைப் பிடித்து முதுகுப்பக்கம் முறுக்கி, முகம் தரையில் தேய அழுத்தினார். "கையை உடைச்சுடுவேன். அசையாதே!" இஸ்திரிக்காரி இருமினாள். தரையில் இரண்டு பற்கள் விழுந்தன.

அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வழியெல்லாம் பேச்சு ஓடியது. "ஒத்திகையில கை தவறிடுச்சுன்னு சொல்லும்மா. போலீஸ் வந்தா என் வாழ்க்கையே போச்சு" என்று மகன் கெஞ்சினான். "விபத்துன்னே சொல்லிடுங்கக்கா. மத்த அஞ்சு பேரோட படமும் நின்னுடும்" என்றார் பெண் இயக்குநர். மாஸ்டரோ, மகனின் சட்டைக் காலரை விடவில்லை.

படத்துக்காக இரவல் வாங்கிய புடவையில் இரத்தம் சொட்டச் சொட்ட இஸ்திரிக்காரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். தாடை பிளந்திருந்ததால் பேச முடியவில்லை. பணியிலிருந்த டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "எப்படி அடிபட்டது? யார் சொல்றீங்க?"

இஸ்திரிக்காரி யாரையும் பார்க்கவில்லை. அக்காவை மட்டும் பார்த்தாள்.

"என் மகன் அடிச்சான்" என்றாள் அவள். "கை தவறல. வசனத்தை அவனுக்குத் தெரியாம மாத்தினது நான். அவன் அடிக்கறப்போ நிறுத்தாம நின்னதும் நான். ஆனா அடிச்சது அவன். எல்லாத்தையும் எழுதுங்க."

"நீயெல்லாம் ஒரு அம்மாவா?" மகன் காலரைப் பிய்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தான். மாஸ்டர் குறுக்கே விழப்போனார்.

"தள்ளுங்க மாஸ்டர். டாக்டரம்மா பாக்கட்டும்."

அறை விழுந்தது. அவள் கழுத்தைத் திருப்பவில்லை; கன்னத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. உதட்டோரம் கிழிந்து வழிந்ததை நாக்கால் துடைத்துக்கொண்டாள். மாஸ்டரும் காவலாளியும் மகனைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார்கள். அவன் திமிறித் திமிறி, பிறகு கால் மடங்கி உட்கார்ந்து, "அம்மா, அம்மா" என்று அழத் தொடங்கினான். அவன் அப்பாவும் அடித்து முடித்ததும் இப்படித்தான் அழுவார்.

"இதையும் எழுதுங்க" என்றாள் டாக்டரம்மாவிடம். "எழுதிட்டு, போலீசுக்குப் போன் பண்ணுங்க."